மல்லித் தொட்டியில் வந்தது மண்புழுவா பாம்பா? பாம்பென்றால் முதுகெலும்பு எங்கே?

மாடித்தோட்டம் திருநகர்:

எல்லோருக்கும் வணக்கம். திருநகரில் மொட்டை மாடியில் முப்பது தொட்டி வைத்திருக்கிறேன், பாதிக்கு மேல் மல்லி. அதில் ஒரு தொட்டி ரெண்டு மாதமாக மொட்டே விடாமல், எறும்பு மொய்த்துக் கிடந்தது. மண்ணை மாற்றிவிடலாம் என்று நேற்று கவிழ்த்துக் கொட்டினால், அடியில் கருப்பாக ஒன்று சுருண்டு கிடக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, பால்பாயின்ட் பேனா ரீஃபில் தடிமன்தான். மண்புழு என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன். எண்ணெய் தடவிய மாதிரி பளபளப்பு, தொட்டதும் விறுவிறுவென்று நெளிந்து மண்ணுக்குள் செருகிக்கொண்டது. எது தலை எது வால் என்றே தெரியவில்லை.

கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, இது தூங்குறப்ப காதுக்குள்ள போயிரும், உப்பைப் போடு, இல்ல மண்ணெண்ணெயை ஊத்து" என்று ஒரே சத்தம். ஒன்பதாவது படிக்கும் என் மகள் விடவில்லை. காலி காபித்தூள் பாட்டிலில் மண்ணோடு போட்டு, மூடியில் ஓட்டை குத்தி வைத்திருக்கிறாள்.

இப்போது அவள் கேட்கிற கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. புழுவுக்கு முதுகெலும்பு கிடையாது, பாம்புக்கு உண்டு, அதுதான் வித்தியாசம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. சரி, உயிரோடு இருக்கிற ஒன்றை அறுத்துப் பார்க்காமல் உள்ளே முதுகெலும்பு இருக்கா இல்லையா என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றும் கேட்டாள். மண்புழு வளையம் வளையமாக இருக்கிறது, முதுகெலும்பும் கோத்த மணி மாதிரி துண்டு துண்டாக இருக்கிறது, அப்படியானால் மண்புழுதான் காலப்போக்கில் பாம்பானதா? கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தேன், கருப்புக் கோடு மட்டும்தான் விழுகிறது, அதனால் போடவில்லை.

நாகமலைக்காரன்:

அக்கா, முதலில் உப்பையும் மண்ணெண்ணெயையும் தள்ளி வையுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புழுப்பாம்பு, குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். விஷம் கிடையாது, நம்மைக் கடிக்கிற அளவுக்கு வாயும் கிடையாது. எறும்பு முட்டை, கரையான் முட்டை, அதன் புழுக்கள், இவைதான் சாப்பாடு. உங்கள் தொட்டியில் எறும்பு மொய்த்தது என்றீர்களே, அதைத் தேடித்தான் வந்திருக்கும். காதுக்குள் போகும் என்று எங்கள் பக்கமும் சொல்வார்கள். எனக்கு இந்தப் பாம்பு பிடிக்கிற வேலையில் பதினோரு வருஷம் ஆகிறது, ஒரு காதிலிருந்தும் நான் இதை எடுத்ததில்லை.

பாட்டிலை வெளிச்சத்தில் வைத்து ஐந்து நிமிஷம் பாருங்கள். ஒரு முனையிலிருந்து நூல் மாதிரி நாக்கு வந்து வந்து போனால் அது தலை, புழுவுக்கு நாக்கு கிடையாது. வால் முனையில் குட்டியாக ஒரு முள் இருக்கும், பிடித்தால் அதை வைத்துக் குத்துகிற மாதிரி செய்யும், வலிக்காது. உடம்பைச் சுற்றிலும் ஒரே அளவு செதில். மற்ற பாம்புகளுக்கு அடிவயிற்றில் அகலப் பட்டையாக இருக்குமே, அது இதற்கு இருக்காது. கண் செதிலுக்கு அடியில் வெறும் புள்ளியாகத் தெரியும், வெளிச்சம் இருட்டு தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

ஒரு விஷயம், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மண்புழு என்று நினைத்துக் கையை நீட்டினேன் என்றீர்கள். இந்த முறை சரி, அடுத்த முறை வேண்டாம். வீட்டைச் சுற்றிக் கட்டுவிரியன் குட்டி வரும், அதுவும் கருப்பாக ஒல்லியாகத்தான் இருக்கும். சந்தேகம் என்றால் குச்சி, முறம், தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன். கை வேண்டாம்.

ஷேர் ஆட்டோ:

அண்ணே, தலை எது வால் எது தெரியலைன்னா அதுதானே இருதலைப் பாம்பு? ஆறு மாசம் இந்தப் பக்கம், ஆறு மாசம் அந்தப் பக்கம் போகும்னு சொல்வாங்களே. லட்சக்கணக்கில் போகுமாம், எங்க ஸ்டாண்டில் ஒருத்தர் அதுக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்ததே கதையா இருக்கு. அப்புறம் முதுகெலும்பு பத்திப் பேசுறதால கேக்குறேன், எனக்கு டிஸ்க் விலகியிருக்குன்னு ஸ்கேன் சொல்லுது. பாம்பு இத்தனை வளைஞ்சும் அதுக்கு டிஸ்க் விலகாதா?

நாகமலைக்காரன்:

அது மண்ணுளிப் பாம்பு தம்பி, வேற ஆளு. தடியாக, மொழுக்கென்று, வால் மழுங்கி இருக்கும், அதனால் ரெண்டு தலை மாதிரி தெரியும். தலை ஒன்றுதான். அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லட்சம் கோடி என்பதெல்லாம் ஏமாற்றுக் கதை, கடைசியில் உள்ளே போவது வாங்கினவனும் பிடித்துக் கொடுத்தவனும்தான். டிஸ்க் பற்றி வாத்தியார் யாராவது வந்து சொல்லட்டும்.

பசுமலை வாத்தியார்:

வந்துவிட்டேன். விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன், இப்படி ஒரு கேள்வி வகுப்பில் வந்திருந்தால் அன்றைக்குப் பாடத்தையே ஒதுக்கி வைத்திருப்பேன். பாப்பாவிடம் சொல்லுங்கள் அம்மா, கத்தி தேவையில்லை, ஸ்கேல் போதும்.

பாட்டிலிலிருப்பது நகரும்போது அதன் நீளம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மண்புழு நீண்டு மெலியும், பிறகு சுருங்கித் தடிக்கும், அப்படித்தான் அது நகரவே முடியும், ஏனென்றால் உள்ளே கெட்டியாக எதுவுமில்லை, திரவம் நிரம்பிய அறைகளை தசை பிசைகிறது. பாம்பு பக்கவாட்டில் எத்தனை வளைந்தாலும் நீளம் அதேதான். உள்ளே நூற்றுக்கு மேல் எலும்பு மணி கோத்திருக்கிறது, மணிமாலையை வளைக்கலாம், இழுத்து நீட்ட முடியுமா? முதுகெலும்பை இப்படி வெளியிலிருந்தே பார்த்துவிடலாம்.

இனி ரெண்டாவது கேள்வி. மண்புழு பாம்பாக மாறவில்லை. இது எத்தனை வருஷம் நடத்தினாலும் பிள்ளைகள் மனசில் ஒட்டிக்கொள்கிற தப்பு, கீழே இருக்கிற எளிய உயிர் படியேறி மேலே வந்த மாதிரி ஒரு ஏணிப் படத்தை நாமே வரைந்து காட்டிவிட்டோம். இரண்டுக்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலில் இருந்தது, அங்கேயே வழி பிரிந்தாயிற்று. எவ்வளவு பிரிந்தது என்றால் உடம்பே தலைகீழ். மண்புழுவுக்கு நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் ஓடுகிறது, முக்கிய ரத்தக் குழாய் முதுகுப் பக்கம். நமக்கு நரம்பு வடம் முதுகில், இதயம் முன்னால். 1822-இலேயே ழோஃப்ருவா செந்திலேர் என்ற பிரெஞ்சுக்காரர், ஒரு கடல் இறாலை மல்லாத்திப் போட்டால் அதன் உள்ளமைப்பு நம்முடையதைப்போல இருக்கிறதே என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். 1990-களில் மரபணுக்களைப் பார்த்தபோது, முதுகு எது வயிறு எது என்று தீர்மானிக்கிற அதே மரபணுக்கள் பூச்சியிலும் நம்மிலும் இருக்கின்றன, ஆனால் பக்கம் மாறி வேலை செய்கின்றன என்று தெரிந்தது. கிழவர் சொன்னது முழுக்கப் பைத்தியக்காரத்தனம் இல்லை.

முதுகெலும்பி என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுத்தான். சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. ஹேக்மீன் என்று ஒன்று ஆழ்கடலில் இருக்கிறது, அதற்கு மண்டையோடு உண்டு, முதுகு மணிகள் பெயருக்குத்தான். ஆனாலும் ரெண்டும் நம் கூட்டம்தான். எலும்பு வருவதற்கு முன்னால் வந்தது முதுகுநாண், உடம்பின் நீளத்துக்கு ஓடுகிற வழுவழுப்பான ஒரு கோல். அதற்கு மேலே உள்ளீடற்ற நரம்பு வடம், தொண்டையில் செவுள் பிளவுகள், ஆசனவாய்க்குப் பின்னாலும் நீளுகிற வால். இந்த நாலும் கருவிலாவது இருந்தால் முதுகுநாணி. நாமும் தாயின் வயிற்றில் இந்த நாலோடும்தான் இருந்தோம், வாலும் சேர்த்து.

ஆட்டோ தம்பிக்கு இங்கேதான் பதில். அந்த முதுகுநாண் காணாமல் போய்விடவில்லை, மணிகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க்கின் உள்ளே கூழ் மாதிரி இருக்கிறதே, அது முதுகுநாணிலிருந்து வந்ததுதான். உங்களுக்குப் பிதுங்கியிருப்பது 50 கோடி வருஷத்துச் சொத்து. பாம்புக்கு மணிகள் பந்துக்கிண்ண மூட்டாக ஒன்றில் ஒன்று பொருந்தியிருக்கின்றன, போதாதென்று முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் கூடுதல் பூட்டும் உண்டு. நமக்கு அப்படி இல்லை. கிடைமட்டமாக நடந்தவர்களின் முதுகை நட்டமாக நிறுத்திவிட்டு ஆட்டோவும் ஓட்டினால் கஷ்டம்தான்.

பாப்பா சொன்ன மணி விஷயத்தில் ஒரு நிஜமான அழகு இருக்கிறது. கருவில் முதுகு நெடுக தசையும் எலும்பும் ஆகப்போகிற துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, கடிகாரம் அடிக்கிற மாதிரி ஒரே இடைவெளியில் உருவாகின்றன. எலிக்கு 65 வரை. ஒருவகை அமெரிக்கப் பாம்பை எடுத்துப் பார்த்தார்கள், 300-க்கும் மேல். உடம்பு வளர்கிற வேகத்தோடு ஒப்பிட்டால் பாம்பின் கடிகாரம் வேகமாக அடிக்கிறது, அதனால் துண்டு சின்னதாகவும் நிறையவும் ஆகிறது. மனிதனுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் அதே ஏழு மணி என்பதையும் அவளிடம் சொல்லுங்கள், நம்பமாட்டாள்.

இன்னும் ஒன்று, அடக்க முடியவில்லை. சீனாவில் யுன்னான் பக்கம் கிடைத்த மிகப் பழைய முதுகெலும்பிப் புதைபடிவங்கள் கிட்டத்தட்ட 52 கோடி ஆண்டு பழையவை, நீளம் ஓர் அங்குலத்தை ஒட்டி. பாட்டிலில் இருப்பதைவிடச் சின்னது. மறுபக்கம், குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த பாம்புக்கு 2024-இல் வாசுகி என்று பேர் வைத்தார்கள். கிடைத்தது 27 முதுகு மணிகள் மட்டும். அதை வைத்தே 11 முதல் 15 மீட்டர் நீளம் இருந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வயது 4 கோடியே 70 லட்சம் ஆண்டு.

மாடித்தோட்டம் திருநகர்:

சார், கும்பிடு. ஸ்கேல் வைத்துப் பார்த்தாள், நீளம் மாறவில்லை. நாக்கும் வந்தது, கத்தியே விட்டாள். இப்போது அடுத்தது: முதுகெலும்பிகளுக்கு நாலு கை கால் என்கிறார்கள், பாம்புக்கு எங்கே போயிற்று?

பசுமலை வாத்தியார்:

பாம்பின் கால் பாம்பறியும் என்று நம் ஆட்கள் எந்த அர்த்தத்தில் சொன்னார்களோ, மலைப்பாம்பின் அடிப்பக்கம் கழிவுத்துளைக்கு ரெண்டு புறமும் நகம் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது பின்னங்காலின் மிச்சம்தான், உள்ளே இடுப்பெலும்பின் துண்டும் உண்டு. அர்ஜென்டினாவில் பின்னங்கால் உள்ள பாம்பின் புதைபடிவமே கிடைத்திருக்கிறது. 2016-இல் ஒரு சோதனை செய்தார்கள். கால் வளரச் சொல்லி ஒரு மரபணுவை முடுக்கிவிடுகிற டி.என்.ஏ. துண்டு கிட்டத்தட்ட எல்லா முதுகெலும்பிகளிடமும் இருக்கிறது. எலியிடம் அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் பாம்பின் துண்டை வைத்தார்கள், எலிக்குக் கால் வளராமல் குட்டையாக நின்றுவிட்டது. மீனின் துண்டை வைத்தபோது கால் சாதாரணமாக வளர்ந்தது. அதாவது மீனிடம் நன்றாக இருக்கிற சுவிட்ச் பாம்பிடம் பழுதாகிவிட்டது. மரபணு கெடவில்லை, அது வேறு வேலைகளுக்கும் வேண்டும், கெட்டால் குட்டியே பிழைக்காது.

போடி மலைப்பக்கம்:

வாத்தியார் ஐயா சொன்ன ஸ்கேல் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, மலையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஏலத்தோட்டத்தில் மம்பட்டி போட்டால் ஒரு பாம்பு வரும், கேடயவால் பாம்பு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், எங்கள் ஆட்களுக்கு அதுவும் இருதலைதான். தலை கூராக இருக்கும், வால் சாய்வாக வெட்டிவிட்ட மாதிரி, சொரசொரப்பாக, அதில் மண் அப்பி வளையை அடைத்துக்கொள்ளும். அது மண்ணுக்குள் போகும்போது பாருங்கள், முன்பக்கம் உப்பும், மெலியும், உப்பும், மெலியும், புழு மாதிரியே. எங்கள் தோட்டத்துக்கு வந்த ஆராய்ச்சிப் பையனிடம் கேட்டேன். தோலுக்கு உள்ளேயே முதுகெலும்பு மட்டும் வளைந்து மடங்குகிறதாம், அதனால் உடம்பு தடித்து வளையின் சுவரில் ஊன்றிக்கொள்ளுமாம், பிறகு நிமிர்ந்து தலையை முன்னால் குத்துமாம். முன்பக்கத் தசை ரத்தச் சிவப்பாக இருக்கும், களைக்காமல் தோண்டுவதற்கு. கடைசியில் இது சாப்பிடுவது என்ன தெரியுமா, மண்புழுவைத்தான்.

திருநகர் அக்காவின் பாம்பு எங்கேயும் இருக்கும். எங்கள் பாம்பு அப்படி இல்லை. இந்தக் குடும்பமே தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் கிடையாது. அதிலும் பலது ஒரு மலைத்தொடரில் இருப்பது அடுத்த மலையில் இருக்காது, நடுவில் இருக்கிற சூடான சமவெளியை அதனால் தாண்ட முடியாது. அதில் ஒன்றின் அறிவியல் பெயரில் மதுரையே இருக்கிறது, பிளாட்டிபிளெக்ட்ரூரஸ் மதுரென்சிஸ். 1877-இல் பெடோம் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி பழனி மலைப் பாம்புக்கு வைத்த பேர். அப்போது கொடைக்கானல் மதுரை ஜில்லா, திண்டுக்கல் தனியாகப் பிரிந்தது 1985-இல்தானே. மதுரை என்று பேர் வைத்துக்கொண்டு மதுரைக்காரன் பார்த்தே இராத பாம்பு.

முட்டை போடாது, குட்டி போடும், அதுவும் கொஞ்சம்தான். மழை பெய்த மறுநாள் காலையில் ரோட்டுக்கு வரும், வேகமாகப் போகத் தெரியாது, சுற்றுலா வண்டி ஏறிவிடும். போடிமெட்டு வளைவில் ஒரே காலையில் நாலு நசுங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நாலும் தாயா பிள்ளையா தெரியாது.

வைகைக்கரை:

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு கேள்வி. கண்ணு தெரியாத, மண்ணுக்குள்ளேயே கிடக்கிற ஒன்றைக் காப்பாற்றி யாருக்கு என்ன? புலி யானை என்றால் சரி. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், அப்புறமும் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்களே. 2025 ஜனவரியில் அதை ரத்து செய்ய வைத்தது மேலூர் சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தது, அங்கே இருக்கிற அழுங்கும் ராஜாளியும் இல்லை. சனங்கள் காப்பாற்றியது அவர்கள் நிலத்தை, கண்மாயை. விலங்கு பேரைச் சொல்லி ஒன்றும் நடக்காது.

நாகமலைக்காரன்:

பாதி ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. அக்கா தொட்டியில் இருக்கிற பாம்புக்குப் பாதுகாப்பு ஒன்றும் தேவையில்லை, நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். அதில் ஆணே கிடையாது, எல்லாம் பெண், துணை இல்லாமலே முட்டையிடும். ஒரே ஒன்று பூந்தொட்டி மண்ணில் ஒட்டிக்கொண்டு கப்பல் ஏறினால் போதும், போன இடத்தில் குடும்பம் ஆகிவிடும். இப்படித்தான் ஹவாய், புளோரிடா வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, உலகத்திலேயே அதிக இடங்களில் இருக்கிற பாம்பு இதுதான். அது நம்மையும் தாண்டி இருக்கும். அதைக் கொல்ல வேண்டாம் என்பது இரக்கத்துக்காகவும் எறும்புக்காகவும், அவ்வளவுதான்.

போடிக்காரர் சொல்கிற பாம்பு விஷயம் அப்படி இல்லை. ஒரு மலை போனால் ஒரு இனம் போச்சு. ஊர்வனவற்றில் ஐந்தில் ஒன்று அழிவை நோக்கி நிற்கிறது என்று 2022-இல் உலக அளவில் கணக்கெடுத்துச் சொன்னார்கள், தவளை மாதிரி இருவாழ்விகளில் ஐந்தில் ரெண்டு. பெரிய விலங்குக்குக் கிடைக்கிற காட்டில் இவையும் தப்பித்தால் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலையை 2021-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், புலி பேரில்தான். ஆனால் அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவார ஓடையில் 2017-இல் ஒரு புதுத் தவளை இனத்தை உலகத்துக்கு அறிவித்தார்கள். பன்றி மூக்கு, ஊதி உப்பிய உடம்பு, வருஷம் பூராவும் மண்ணுக்குள் இருந்துவிட்டு இனப்பெருக்கத்துக்கு மட்டும் மழையில் மேலே வரும். 2014-இல் அகத்தியமலையில் கள ஆய்வின்போது இறந்துபோன ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பேரை அதற்கு வைத்தார்கள். கேரளப் பக்கம் இருக்கிற அதன் கூடப்பிறந்த தவளையை விட்டால், அடுத்த நெருங்கிய சொந்தம் எங்கே இருக்கிறது தெரியுமா, இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் தீவில். நிலம் ஒட்டியிருந்த காலத்துப் பங்காளிகள், நடுவில் கடல் வந்துவிட்டது.

வைகை உற்பத்தியாகிற வருசநாட்டு மலையும் அந்தக் காப்பகத்தில்தான் வருகிறது. நீங்கள் வைகைக்கரை என்று பேர் வைத்திருக்கிறீர்கள், அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

வைகைக்கரை:

ஆத்தில் தண்ணீர் வருகிற அன்றைக்கு இந்தப் பேச்சை வைத்துக்கொள்வோம் தம்பி. ஆனால் செஷல்ஸ் விஷயம் எனக்குப் புதுசு. தவளை எப்படிக் கத்தும் என்று ஒலிப்பதிவு இருந்தால் போடுங்கள்.

மாடித்தோட்டம் திருநகர்:

எல்லோருக்கும் நன்றி. விட்டுவிட்டோம். பின்பக்கம் காலி மனையில் வேப்பமரத்தடியில் கரையான் புற்று ஒன்று இருக்கிறது, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பாட்டிலைச் சாய்த்து வைத்தோம். ரெண்டு நிமிஷம் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது, அப்புறம் இலைச்சருகுக்கு அடியில் போனதுதான், காணோம். மகள் பள்ளியில் கொடுத்த செயல்திட்டத்துக்கு டைனோசர் எழுதுவதாக இருந்தாள், இப்போது "நீளம் மாறாதவை" என்று தலைப்பு மாற்றியிருக்கிறாள், போடி அண்ணன் சொன்ன கேடயவாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாள்.

புது மண் போட்ட மல்லி துளிர்விட்டிருக்கிறது. கீழ்வீட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இன்று காலை பூப்பறிக்க மாடிக்கு வந்தார், ரெண்டு காதிலும் பஞ்சு.